காம்பு கிள்ளும் யந்திரத்துக்கு ஐம்பத்தைந்து வயது

பினார் தெல் ரியோவின் ‘புதிய உதயம்’ இலைக்கூடத்துக்குக் காம்பு கிள்ளும் யந்திரம் வந்தபோது, அது முதலில் தின்றது திறப்பு விழாவுக்குக் கட்டியிருந்த ரிப்பனை. இரண்டாவதாகத்தான் புகையிலையைத் தின்றது. மூன்றாவதாக இயக்குநரின் நான்கு பைச் சட்டையின் நுனியைப் பிடித்து இழுத்தபோது, அங்கே காம்பு கிள்ளும் ஒப்துலியா ஓடிப்போய் விசையை அணைத்தாள். மற்ற பெண்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். ஒப்துலியாவும் அப்படியே நின்றிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டதால் எல்லார் கண்ணும் அவள்மேல் பதிந்துவிட்டது. ஒரு நிறுவனத்தின் கண்ணில் படுவதும் நாய்க்கடியும் ஒன்று. உடனே தெரியாது.

புகையிலை இலையின் நடுவே முதுகெலும்பு போல ஒரு தடித்த காம்பு ஓடும். அதை எடுக்காமல் சுருட்டினால் சுருட்டு புகையாது, பொங்கி வெடிக்கும். அதனால் நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, மடியில் பலகை வைத்து, ஈரம் தெளித்த இலையை விரித்து, காம்பின் நுனியைக் கிள்ளிச் சுழற்றி இழுப்பார்கள். வாழைத்தண்டில் நார் வருவதுபோலக் காம்பு தனியே வந்துவிடும். இலை இரண்டு பாதியாக மடியில் விழும். இதில் யாருக்கும் எந்தச் சிரமமும் இருக்கவில்லை என்பதால்தான் யந்திரம் வரவழைக்கப்பட்டது.

பனி பெய்யும் ஏதோ ஒரு சகோதர நாட்டில் செய்த யந்திரம் அது. கல்யாண அலமாரி இரண்டைச் சேர்த்து வைத்த அளவு இருக்கும். இலையை உள்ளே போட்டால் ஒரு வாயில் காம்பும் இன்னொரு வாயில் இலையும் வரவேண்டும். வந்தது துவையல். இரண்டு வாயிலும் ஒரே துவையல். கூட வந்த வல்லுநர் துவையலை விரலால் தொட்டுப் பார்த்தார், கையேட்டைப் புரட்டினார், இலையில்தான் பிழை என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் அறிவித்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டார்.

சங்கடம் அதுவல்ல. பக்கத்து மாவட்டத்தை முந்த வேண்டுமென்று, விழாவுக்கு முந்தைய நாளே இயக்குநர் எரிபெர்த்தோ கின்தானா தலைநகர் ஹவானாவுக்குத் தந்தி கொடுத்திருந்தார்: ‘யந்திரம் நாற்பது பெண்களின் வேலையைச் செய்கிறது. நாற்பது இடங்களும் ஒழிக்கப்பட்டன.’

அவசரக் கூட்டத்தில் இயக்குநர் பேசினார்.

“தோழர்களே, யந்திரம் வேலை செய்யலன்னு நம்ம கண்ணு சொல்லுது. செய்யுதுன்னு நம்ம தந்தி சொல்லுது. கண்ணு தனி மனுஷனோடது. தந்தி நிறுவனத்தோடது. எதை நம்பணும்னு நான் சொல்லித் தரணுமா?”

யாரும் சொல்லித் தரச் சொல்லவில்லை. ஆகவே யந்திரத்தின் உருளைகளையும் பற்களையும் கழற்றிக் கொல்லைப்புறத்தில் புதைத்தார்கள். உள்ளே ஒரு முக்காலியும் ஒரு ஆளும் கொள்ளும் இடம் கிடைத்தது. ஒல்லியான ஆளாக இருக்க வேண்டும், கை வேகமாக இருக்க வேண்டும், யந்திரத்தைப் பார்த்துப் பயப்படாத ஆளாக இருக்க வேண்டும். எல்லாரும் திரும்பி ஒப்துலியாவைப் பார்த்தார்கள்.

“ஒரே ஒரு வாரந்தான், தோழர் ஒப்துலியா. ஹவானாக்காரங்க வந்து பாத்துட்டுப் போற வரைக்கும்.”

“அவங்க எந்த வாரம் வருவாங்க?”

“அது அவங்க கையில இருக்கு. நாம தயாரா இருக்கணும்.”

மற்ற பெண்களைப் பின்னாலிருந்த கொட்டகைக்கு மாற்றி, அதற்கு ‘முன் தயாரிப்புப் பிரிவு’ என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் அங்கே பழையபடி காம்பு கிள்ளிக் கூடைகளைப் பின்பக்கத் துவாரம் வழியே உள்ளே தள்ளுவார்கள். ஒப்துலியா இலையை ஒரு வாயிலும் காம்பை இன்னொரு வாயிலும் வெளியே தள்ளுவாள். யாராவது பார்வையாளர் முன்பக்கத்தில் ஒரு இலையைப் போட்டால் அதை மட்டும் தானே மடிப் பலகையில் வைத்துக் கிள்ளித் தருவாள். எதனோடும் பூட்டாத மோட்டார் ஒன்று சத்தத்துக்காக மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யந்திரம் ஓடும்போது கதவு மூடியிருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. யந்திரம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது தந்தி. ஆகவே காலையில் வெளியே போட்ட தாழ்ப்பாளைச் சாயங்காலம் ஆலைச் சங்கு ஊதிய பிறகே எடுத்தார்கள்.

“அடியே ஒப்துலியா,” என்று கொட்டகையிலிருந்து யாரோ ஒருத்தி துவாரத்துக்குள் குனிந்து கத்துவாள், “உள்ள காத்து வருதா?”

“வருது. நீ விடற மூச்சுதான் வருது. காலையில பூண்டு தின்னியா?”

ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று. ஒப்துலியா பொறுத்துக்கொண்டாள். அவள் கணக்கு வேறு. வருகிற நவம்பரில் அவளுக்கு ஐம்பத்தைந்து முடிகிறது. பெண்களுக்கு அந்த வயதில் ஓய்வு. ஓய்வு கிடைத்த மறுநாள் அவள் புவர்த்தோ எஸ்பெரான்சாவுக்குப் போய்ப் பெலார்மீனோவைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். பெலார்மீனோ அங்கே மீனவர் கூட்டுறவில் படகோட்டி, மனைவியை இழந்தவன். இவளும் கணவனை இழந்தவள். முப்பது வருஷம் புகையிலைத் தூசியைச் சுவாசித்தவளுக்கு அவனைப் பிடித்திருந்ததா, அவன் வீட்டுக் கடல்காற்றைப் பிடித்திருந்ததா என்று கேட்டால், இரண்டுக்கும் ஒரே வாசல்தானே என்பாள்.

பெலார்மீனோ ஞாயிற்றுக்கிழமைகளில் லாரி பிடித்து வருவான்.

“நவம்பர்ல உறுதிதானே?”

“உறுதி. அம்பத்தஞ்சு முடிஞ்சா விட்டுத்தான் ஆகணும். சட்டம்.”

“சட்டம் எனக்குப் புரியுது. மிக்தாலியாவுக்குப் புரியணுமே. பொழுது விடிஞ்சா வறுத்த மீனோட வாசல்ல வந்து நிக்கிறா.”

“நீயே மீன் பிடிக்கிறவன். உனக்கு எதுக்குடா பக்கத்து வீட்டு மீனு?”

“நானும் அதான் கேட்டேன். மீனு உன்னுது, வறுவல் என்னுதுங்கிறா.”

“வறுவல் எப்படி?”

பெலார்மீனோ உதட்டை நக்கிவிட்டுக் காபியைக் குடித்தான். குடித்து முடிக்குமுன் ஒப்துலியா கோப்பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

இதற்கிடையில் கூடத்தில் இன்னொரு சிக்கல். புகையிலைக் கூடம் என்றால் வாசிப்பவர் ஒருவர் இருப்பார். உயரமான மேடையில் உட்கார்ந்து, காலையில் செய்தித்தாளும் மதியத்துக்குமேல் நாவலும் சத்தமாக வாசிப்பார். கைகள் வேலை செய்யும், காதுகள் கேட்கும். ‘புதிய உதயத்தில்’ வாசிப்பவர் அன்செல்மோ. கேட்கிறவர்களின் இடங்கள் ஒழிக்கப்பட்டுவிட்டன. ஆனால் வாசிப்பவரின் இடம் பண்பாட்டுத் துறையைச் சேர்ந்தது. அதை ஒழிக்க இயக்குநருக்கு அதிகாரம் இல்லை. கொட்டகைக்குப் போய் வாசிக்க அன்செல்மோவுக்கு அனுமதி இல்லை. ஆகவே அவர் காலியான கூடத்தில், யந்திரம் ஒன்றுக்கு மட்டும், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது இரண்டு கப்பல் தலைவர்களை ஒரே சமயத்தில் காதலித்த ஒரு விதவையின் கதை.

“அன்செல்மோ, கொஞ்சம் சத்தமா. மோட்டாரு இரையுது,” என்றது யந்திரம்.

“எங்க விட்டேன்?”

“கதவைத் தட்டறான். எந்தக் கப்பல்காரன்னு தெரியல.”

அந்த ஊர்க் கூடங்களில் வாசிப்புக்கு ஒரு மரியாதை உண்டு. பிடித்திருந்தால் மடியிலுள்ள பலகையைத் தட்டுவார்கள். பிடிக்கவில்லையென்றால் பலகையைத் தரையில் நழுவ விடுவார்கள். தடால் என்ற அந்த ஒரு சத்தத்தில் எவ்வளவு பெரிய வாய்க்காரனும் அடங்கிவிடுவான். பரம்பரையாக விரலில் ஊறிப்போன பழக்கம் அது. அடக்கச் சொன்னால் தும்மலை அடக்குவதுபோல.

ஹவானாவிலிருந்து துணை அமைச்சர் வந்தது நாவலில் அந்தக் கதவு திறக்க வேண்டிய நாளன்று. யந்திரம் பணியாற்றுவதைப் பார்த்தார். இலை போட்டார், காம்பு வந்தது, சந்தோஷப்பட்டார். யந்திரத்துக்கு எதிரே ஒருவர் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

“வாசிச்சா உற்பத்தி கூடுது, தோழர் துணை அமைச்சரே. அறிவியல்பூர்வமா பாத்துட்டோம்,” என்றார் இயக்குநர்.

“அப்படின்னா நாவல் எதுக்கு? நானே பேசறேன்.”

பேசினார். “தோழர்களே, ஒரு காலத்துல மனுஷன் வேலை செஞ்சான், யந்திரம் இல்ல. இன்னிக்கு யந்திரம் வேலை செய்யுது, மனுஷன் தேவையில்ல. நாளைக்கு யந்திரமும் தேவைப்படாது, அறிக்கை மட்டும் போதும். அந்த நாளை நோக்கித்தான் என் துறை இரவு பகலா உழைக்குது. என் துறையில ஒருத்தர்கூட ஒரு பொருளைக்கூடச் செய்யறதில்லன்னு பெருமையோட சொல்லிக்கிறேன்.”

கப்பல்காரன் வெளியே நிற்கிறான். விதவை உள்ளே நிற்கிறாள். இந்த ஆள் நடுவில் நிற்கிறார். ஒப்துலியாவின் முழங்கால்கள் தாமாகவே விலகின.

தடால்.

கூடம் உறைந்தது. அந்தச் சத்தத்தின் அர்த்தம் பினாரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். துணை அமைச்சர் ஹவானாவில் பிறந்தவர்.

“என்ன சத்தம் அது?”

இயக்குநரின் நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்து நின்றது. “உங்க பேச்சோட கனம், தோழரே. லேசான பேச்சுக்கெல்லாம் இந்த யந்திரம் அசையாது.”

துணை அமைச்சர் உருகிப்போனார். மேற்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். பத்திக்கு ஒரு தடால். மறுநாள் பேச்சு அச்சில் வந்தபோது அந்தந்த இடத்தில் ‘யந்திரத்தின் ஆமோதிப்பு’ என்று போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் யந்திரத்துக்கு முன்னணித் தொழிலாளர் விருது அறிவிக்கப்பட்டது. விருதோடு, முன்னணித் தொழிலாளர் யாருக்கும் வழக்கமாகத் தரும் சலுகை: கடற்கரை ஓய்வு இல்லத்தில் ஒரு வாரம்.

“யந்திரத்துக்கு எதுக்கு தோழர் கடற்கரை?” என்று உள்ளேயிருந்து ஒப்துலியா கேட்டாள்.

“பரிசை வேணாம்னா அது எதிர்ப்பு. எதிர்ப்பாளர்னு யந்திரத்துக்குப் பேர் வரணுமா? அதுவும் விருது வாங்கின கையோட?”

“சரி. யந்திரம் போகட்டும். நான் எதுக்கு?”

“அங்க யாராவது ஒரு இலையைப் போட்டுப் பாத்துட்டா?”

லாரியில் ஏற்றி, கயிறு கட்டி, மாலை போட்டு அனுப்பினார்கள். ஓய்வு இல்லம் இருந்தது புவர்த்தோ எஸ்பெரான்சாவில். ஒப்துலியா வாழ்க்கை முழுக்க ஆசைப்பட்ட ஊர். யந்திரத்தைக் கடலைப் பார்க்க வைத்துக் குடை விரித்து, இரண்டு காவலாளிகளை உட்கார வைத்தார்கள்.

முதல் நாள் மதியமே பெலார்மீனோ வந்துவிட்டான்.

“உள்ள இருக்கியா?”

“வேற எங்க போவேன்.”

“கடல் தெரியுதா?”

“இலை போடற வாய் வழியா ஒரு சாண் தெரியுது. நடுவுல ஒரு காவக்காரனோட முதுகு.”

“பசிக்குதா?”

பதிலை எதிர்பார்க்காமல் கையிலிருந்த வறுத்த மீனை வாய்க்குள் தள்ளினான். ஒப்துலியா மீனை வாங்கினாள். முப்பது வருஷக் கை. என்ன செய்கிறோம் என்று நினைப்பதற்குள் முள்ளை ஒரே இழுப்பில் உருவிக் காம்பு வாய் வழியே வெளியே அனுப்பிவிட்டாள். தலை முதல் வால் வரை சிதையாத முழு முள். காவலாளிகள் எழுந்து நின்றார்கள். அன்று சாயங்காலமே ஹவானாவுக்குச் செய்தி போனது: யந்திரம் மீனுக்கும் முள் எடுக்கிறது. மீன்வளத் துறையிலிருந்து இதே மாதிரி ஐந்து யந்திரம் வேண்டும் என்று உடனே பதில் வந்தது.

“இது யாரு வறுத்தது?” என்றாள் ஒப்துலியா, மென்றுகொண்டே.

“ஏன், நல்லாயில்லையா?”

“நல்லாத்தான் இருக்கு. அதான் கேக்கறேன்.”

ஒரு வாரமும் பெலார்மீனோ யந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசினான், சிரித்தான், ஒருநாள் அதன் தகரக் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு பெருமூச்சும் விட்டான். மிக்தாலியா தட்டோடு தூரத்தில் நின்று பார்த்தாள்.

“தனியா இருக்கிற ஆம்பளைங்களுக்கு இப்படித்தான் ஆகும்,” என்று ஊரெல்லாம் சொன்னாள். “போன வருஷம் வலைகிட்ட பேசினாரு. இந்த வருஷம் அலமாரிகிட்ட. ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்.”

அது ஒப்துலியாவின் காதிலும் விழுந்தது. தகரச் சுவரில் உள்ளேயிருந்து ஓங்கி ஒரு குத்து விட்டாள். காவலாளி அதையும் குறித்துக்கொண்டான்.

நவம்பர் வந்தது. ஒப்துலியா தலைவாரி, நல்ல பாவாடை கட்டி, இயக்குநர் அறைக்குப் போனாள்.

“அம்பத்தஞ்சு முடிஞ்சுது, தோழர் இயக்குநர். ஓய்வு வேணும்.”

“வாழ்த்துகள். எந்த வேலையிலேர்ந்து?”

“காம்பு கிள்ளற வேலையிலேர்ந்து.”

“அந்த வேலையே இல்லையே, தோழர் ஒப்துலியா. நாற்பது இடமும் ஒழிஞ்சாச்சே. தந்தி போயிருக்கு. இல்லாத வேலையிலேர்ந்து எப்படி ஓய்வு தர முடியும்? அப்படித் தந்தா, இருந்த வேலையை ஒழிச்சேன்னு ஆகாது. நான் பொய் சொன்னதா ஆகும். நீங்க ஓய்வு கேக்கறீங்களா, இல்ல என்னைப் பொய்யன்னு சொல்றீங்களா?”

“அப்ப இத்தன நாளா நான் உள்ள என்ன பண்ணிட்டிருந்தேன்?”

இயக்குநர் கனிவோடு அவள் இடுப்பைக் காட்டினார். விருதுக்குப் பிறகு நடந்த கணக்கெடுப்பில் யந்திரத்தின் ஒவ்வொரு பாகத்துக்கும் பித்தளை வில்லை அடித்தார்கள். மோட்டார் ஆறாம் எண். அவள் இடுப்பில் குத்தியிருந்த வில்லையில் ஏழு. அதைப் பதக்கம் என்று நினைத்து அவள் ஞாயிற்றுக்கிழமைகூடக் குத்திக்கொண்டு நடந்திருக்கிறாள்.

“நீங்க ஏழாம் பாகம். பாகத்துக்கு ஓய்வு கிடையாது. பராமரிப்பு உண்டு.”

அன்றைக்கே ஒரு டப்பா மசகு எண்ணெயும் துடைக்கப் பஞ்சும் அவளுக்கு வழங்கப்பட்டன.

ஞாயிற்றுக்கிழமை பெலார்மீனோ வாசலிலேயே நின்றான். உட்காரவில்லை.

“நவம்பர் போச்சு, ஒப்துலியா.”

“சட்டப்படி நான் பொம்பளையே இல்லையாம். இரும்பாம்.”

“எனக்கு நீ என்னவா இருந்தாலும் சரி. ஆனா நானும் மனுஷன். அவ வீட்டுக்கு நான் போறதில்ல. சத்தியமா. என் காலுதான் போகுது. புது வருஷம் வரைக்கும் காலைக் கட்டிப் போடறேன். அதுக்கு மேல அது என் பேச்சைக் கேக்கும்னு உத்தரவாதம் இல்ல.”

அவன் போனபிறகு ஒப்துலியா அந்த எண்ணெய் டப்பாவை எட்டி உதைத்தாள்.

அவளைக் காப்பாற்றியது விருதுதான். முன்னணித் தொழிலாளர் ஒவ்வொரு காலாண்டும் தன் இலக்கைத் தானே முன்வந்து இரட்டிப்பாக்க வேண்டும். யந்திரம் முன்வரவில்லை என்றாலும் அதன் சார்பில் இயக்குநர் முன்வந்தார். நாற்பது பெண்களின் வேலை எண்பதாயிற்று. கொட்டகையில் இருந்தவர்களோ அதே பழைய பெண்கள். டிசம்பரில் உற்பத்தி குப்புற விழுந்தது. ஹவானா காரணம் கேட்டது.

மறுபடி கூட்டம்.

“யந்திரம் தப்பு செய்யாது,” என்றார் இயக்குநர். “விருது வாங்கின யந்திரம். நிர்வாகம் தப்பு செய்யாது, விருது வாங்கிக் கொடுத்த நிர்வாகம். அப்ப மிச்சம் என்ன? ஏழாம் பாகம் தேஞ்சுபோச்சு.”

கழிவுப் பொருள் ஆய்வுக் குழு வந்தது. மூன்று பேர். நடுவிலிருந்தவர் இளைஞர், பொறியாளர், இப்போதுதான் படிப்பு முடித்தவர். ஒப்துலியாவை நிற்கச் சொன்னார், கையை நீட்டச் சொன்னார், ஒரு இலையைக் கொடுத்தார். கண் இமைக்கும் நேரத்தில் காம்பு தனியாக வந்தது. ஒப்துலியா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“பாகம் நல்லாத்தானே வேலை செய்யுது,” என்றார் பொறியாளர்.

இயக்குநர் இருமினார். பொறியாளருக்கு அந்த இருமல் புரியவில்லை. பல்கலைக்கழகத்தில் அதைச் சொல்லித் தருவதில்லை. ஒப்துலியாவுக்குப் புரிந்தது. முழங்காலை மடக்கி நீட்டினாள். கீச்ச்ச் என்று சத்தம் வந்தது.

“கேட்டீங்களா தோழர்? துரு.”

“அது உங்க வாயிலேர்ந்து வந்த மாதிரி இருக்கே.”

“துரு அங்கவரைக்கும் ஏறிடுச்சு.”

மூத்த உறுப்பினர் இருவரும் தலையை ஆட்டினார்கள். ‘தேய்ந்தது, பழைய மாதிரி, பழுதுபார்க்க இயலாதது, மாற்றுப் பாகம் இறக்குமதி செய்யப்பட வேண்டும்’ என்று முடிவாயிற்று. அவளைப் பற்றி யாரும் எப்போதும் இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை என்று ஒப்துலியாவுக்குத் தோன்றியது.

“அப்ப நான் வீட்டுக்குப் போகலாமா?”

“வீட்டுக்கா?” இயக்குநர் பதறினார். “கழிச்ச பாகமும் அரசு சொத்து. வீட்டுக்குப் போனா திருட்டு. நீங்களே உங்களைத் திருடினதா ஆயிடும். பழைய இரும்புக் கிடங்குக்குத்தான் போகணும்.”

கிடங்கு ஊருக்கு வெளியே இருந்தது. சுற்றிலும் முள்வேலி, வாசலில் லாரி எடை போடும் தராசு. லாரியிலிருந்து இறக்கி அவளை அதில் நிறுத்தினார்கள். பொறுப்பாளர் வென்செஸ்லாவோ எடையைப் படித்தார், வில்லையைப் பார்த்தார், சலித்துக்கொண்டார்.

“இன்னொண்ணா? சரி, மூணாவது கொட்டகைக்குப் போங்கம்மா. இப்பத்தான் காபி போட்டாங்க.”

மூன்றாவது கொட்டகையில் மூன்று பேர், நாலு பேர் ஆடும் டோமினோ ஆட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். குண்டாக இருந்தவர் சர்க்கரை ஆலையின் தானியங்கித் தராசு. மூட்டையைத் தூக்கிப் பார்த்து எடை சொல்லி, முதுகு பிடித்துக்கொண்டதால் கழிக்கப்பட்டவர். ஒல்லியாக இருந்தவர் வானிலை நிலையத்தின் காற்றுவேகமானி. பதினோரு வருஷம் சன்னல் வழியே விரலை நீட்டிக்கொண்டிருந்தவர். ஒரு புயலில் விரல் சுளுக்கிவிட்டது. மூன்றாவதாக இருந்த பெண்மணி பேருந்து நிலையத்தின் மின்னணு அறிவிப்புக் கருவி. தொண்டை கட்டிவிட்டது.

“நாலாவது ஆளுக்காகத்தான் காத்திட்டிருந்தோம்,” என்றது அறிவிப்புக் கருவி கரகரத்த குரலில். “உக்காரு. நீ என்ன?”

“காம்பு கிள்ளற யந்திரம். ஏழாம் பாகம்.”

“முழு யந்திரமா இல்லாம பாகமா? பாவம். ரொம்பச் சுரண்டியிருக்காங்க.”

“இங்கேர்ந்து எப்படி வெளிய போறது?”

“உருக்கினாத்தான்,” என்றது தராசு, காயை அடித்து வைத்தபடி. “பயப்படாத. உருக்காலையில உலையா இருக்கிறது என் மச்சான். அவன் எதுக்கும் அவசரப்பட மாட்டான்.”

வேலி உயரம். வாசலில் காவல். சோறு வந்தது, கறுப்பு மொச்சைக் குழம்பு வந்தது, செய்தியும் லாரி ஓட்டுநர் வாயிலாக வந்தது. மாற்றுப் பாகம் இறக்குமதியாகும்வரை யந்திரம் நிற்கக் கூடாது என்று துணை அமைச்சர் உத்தரவு. உள்ளே நுழையப் பெண்கள் எல்லாரும் மறுத்துவிட்டார்கள். எங்கள் இடம்தான் ஒழிந்துவிட்டதே, இல்லாதவர்கள் எப்படி உள்ளே போவது என்று கேட்டார்களாம். கடைசியில் இயக்குநரே சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போனாராம். தாழ்ப்பாள் போட்டாயிற்று. எதிரே அன்செல்மோ, இயக்குநரின் பேச்சுத் தொகுப்பை முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசிக்கிறாராம். இரண்டாம் பக்கத்திலேயே உள்ளேயிருந்து தடால்.

ஒப்துலியா சிரித்தாள். சிரித்து முடித்ததும் அழுதாள். புது வருஷத்துக்கு நாள் அதிகமில்லை.

“யாரு?” என்றது காற்றுவேகமானி, அனுபவத்தோடு.

“மீனவன்.”

“காத்து எந்தப் பக்கம்?”

“பக்கத்து வீட்டுப் பக்கம்.”

காற்றுவேகமானி வருத்தத்துடன் உச்சுக்கொட்டியது.

வருஷத்தின் கடைசி நாள் காலையில் வாசலில் பெலார்மீனோ நின்றான். கையில் கூட்டுறவின் முத்திரை வைத்த கடிதம். இருக்கிற மூளையையெல்லாம் பிழிந்து எழுதியது. வென்செஸ்லாவோ படித்தார்.

“நங்கூரம் வேணுமா? நங்கூரம் எங்கப்பா இருக்கு இங்க.”

“இருக்கு தோழரே. மூணாவது கொட்டகையில. பினார் இலைக்கூடத்துலேர்ந்து வந்தது. எங்க கூட்டுறவு ஆறு வருஷமா நங்கூரம் கேக்குது. பழைய இரும்பு எதையாவது எடுத்துக்கங்கன்னு மேலிடமே சொல்லியிருக்கு.”

வென்செஸ்லாவோ அவனைப் பார்த்தார். கொட்டகையைப் பார்த்தார். அங்கே ஒப்துலியா காயைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றிருந்தாள்.

“நங்கூரம்னா எடை போதாதே.”

“ஏறிடும் தோழரே. எங்க ஊர்ல மீனு நிறைய.”

“ஆட்டம் பாதியில இருக்கு,” என்று தராசு முனகியது. அறிவிப்புக் கருவி அதன் காலை மிதித்தது.

வென்செஸ்லாவோ முத்திரையைத் தேடி எடுத்து, ஊதி, குத்தினார். ‘நங்கூரம் ஒன்று. பழையது. பயன்படத்தக்கது.’

“நிபந்தனை ஒண்ணு. நங்கூரம் படகைவிட்டுப் பிரியக் கூடாது. வருஷத்துக்கு ஒருதரம் ஆய்வாளர் வந்து பாப்பாரு.”

“பிரியாது,” என்றாள் நங்கூரம்.

ஆய்வாளர் அடுத்த வருஷம் சொன்னபடி வந்தார். புதுக் காலணி, பழைய பை. துறையில் கட்டியிருந்த படகில் ஒப்துலியா காலை நீட்டி உட்கார்ந்து வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கடல்காற்று அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெலார்மீனோ எழுந்து தொப்பியைக் கழற்றினான்.

“நங்கூரம் இதுதானா?”

“இதேதான்.”

“பிடிப்பு எப்படி?”

பெலார்மீனோ கரையை ஓரக்கண்ணால் பார்த்தான். அங்கே மிக்தாலியா வீட்டுப் புகைபோக்கியில் வறுவல் புகை கிளம்பிக்கொண்டிருந்தது.

“போன மாசம் கொஞ்சம் கரைப்பக்கம் நகரப் பாத்தேன் தோழரே. ஒரு முழம் விடல.”

ஆய்வாளரின் முகம் மலர்ந்தது. “பிரமாதம். இப்படியொரு நங்கூரத்தை இந்த மூலையில வெச்சிருக்கலாமா? மாகாண அளவுல ஒரு விருதுக்குப் பரிந்துரைச்சா, அப்புறம் கப்பற்படைக்கு…”

அவர் பேசி முடிக்கவில்லை. ஒப்துலியா வலையைத் தள்ளிவிட்டு எழுந்து, கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, துடுப்பைத் துறைக்கல்லில் ஊன்றி ஒரே தள்ளாகத் தள்ளினாள். படகு விலகியது. துறையில் நின்றபடி ஆய்வாளர் கப்பற்படையைப் பற்றி இன்னும் சொல்லிக்கொண்டேயிருந்தார். உதடு அசைவது தெரிந்தது, காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் ஒரு சொல்லும் வந்து சேரவில்லை.

நங்கூரம் தானே துடுப்பெடுத்துப் படகைக் கடலுக்குள் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை.